எந்த ஏரிக்கு எந்த அமைச்சர்?

அமைச்சர்கள் பட்டியல் வெளியாகும் நாளில் தமிழ்நாட்டில் பேச்சு ஒன்றுதான்: யாருக்கு எத்தனையாவது இடம், யாருடைய இலாகா யாருக்குப் போனது, யாருக்கு ஏற்றம், யாருக்கு இறக்கம். டீக்கடையில் தொடங்கி தொலைக்காட்சி விவாதம் வரை இதே கணக்குதான். அந்தப் பட்டியல் கோட்டையைவிட்டு இறங்கி, திருப்போரூர் வட்டத்தில் வலை வீசுகிறவரையும், கேளம்பாக்கத்து அடுக்குமாடி வாசலில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவரையும் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஒரு நீர்த்தேக்கம் கட்டப்போகிறார்கள் என்பதால் இந்தக் கேள்வியை இப்போது கேட்டாக வேண்டியிருக்கிறது.

2025 மார்ச் 14 அன்று பேரவையில் வைக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில் அந்த அறிவிப்பு வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், தேர்வாய் கண்டிகை ஆகியவற்றுக்கு அடுத்து, சென்னைக்குக் குடிநீர் தர ஆறாவது நீர்த்தேக்கம். கொள்ளளவு சுமார் 1.6 டி.எம்.சி.; மதிப்பீடு ரூ.350 கோடி. பழைய மகாபலிபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே, பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிக் கிடக்கும் உப்பங்கழிதான் இடம். 'மாமல்லன்' என்று பெயர் வைத்து, 2026 ஜனவரியில் அடிக்கல்லும் நாட்டினார்கள்.

மழைக்காலத்தில் கடலுக்குப் போகிற நீரைத் தடுத்து வைத்தால் லட்சக்கணக்கானோருக்குக் குடிநீர் கிடைக்கும் என்கிறது அரசு. கடல்நீரும் மழைநீரும் கலந்த இந்தக் கழியில்தான் இறாலும் நண்டும் வளர்கின்றன, கரை கட்டி நன்னீராக்கினால் எங்கள் பிழைப்பு போச்சு என்கிறார்கள் மீனவர்கள். கழியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்குப் படகும் இல்லை, கடலும் இல்லை. அவர்களுக்கு இந்தத் தண்ணீர்தான் எல்லாம்.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எது சரி என்பதை ஆய்வும் பேச்சும் முடிவு செய்யட்டும். இரு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்டு, முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பேரவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் யார் என்பதே என் கேள்வி. திருப்போரூரில் நின்று இதற்கு விடை தேடினால் தலை சுற்றும்.

ஒரு வட்டம், எத்தனை தண்ணீர்

கந்தசாமி கோயில் குளத்திலிருந்தே தொடங்கலாம். அது இந்து சமய அறநிலையத் துறை. ஊரைவிட்டு வெளியே வந்தால் ஏரிகள். அவற்றில் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் 'பி.டபிள்யூ.டி. ஏரி', இப்போது அது நீர்வளத் துறை. அதற்குக் குறைந்தால் 'யூனியன் ஏரி'. அது ஊரக வளர்ச்சித் துறை. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும்போது, அது ஒரு அமைச்சரிடமிருந்து இன்னொரு அமைச்சரிடம் போகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஊர்களில் ஆயக்கட்டு நிலங்களில் பெரும்பகுதி எப்போதோ மனையாகிவிட்டது. நெல் விளைந்த இடத்தில் பதினைந்து மாடிக் கட்டடம் நிற்கிறது. ஆனாலும் அந்த ஏரி எந்த அமைச்சருடையது என்பதை, இல்லாமல்போன வயலின் பரப்புதான் இன்றும் தீர்மானிக்கிறது.

குடிநீருக்கு வருவோம். திருப்போரூர் பேரூராட்சி என்பதால் அங்கே நகராட்சி நிர்வாகம், குடிநீர் வழங்கல் துறை. பேரூராட்சி எல்லையைத் தாண்டி ஊராட்சிக்குள் போனால் ஊரக வளர்ச்சித் துறை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள்: நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் ஆலை 2013இலும், 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியிலும் திறக்கப்பட்டன. பக்கத்திலேயே பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவை எல்லாம் சென்னைக் குடிநீர் வாரியத்துடையவை. இந்தக் கரையில் எடுக்கும் நீர் சென்னைக்குப் போக, பக்கத்து ஊராட்சிக்காரர் கேன் தண்ணீர் வாங்குகிறார்.

பக்கிங்ஹாம் கால்வாய் மாநில நீர்வளத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அதுவே 2008இல் அறிவிக்கப்பட்ட தேசிய நீர்வழி 4இன் ஒரு பகுதி என்பதால் ஒன்றிய அரசின் நீர்வழிகள் ஆணையத்துக்கும் அதில் கை உண்டு. உப்பளம் என்றால் ஒன்றிய வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் கீழுள்ள உப்புத் துறை. முட்டுக்காட்டில் 1984 முதல் படகு விடுவது சுற்றுலா வளர்ச்சிக் கழகம். அதே கழியில் மீன் பிடிப்பவருக்கு மீன்வளத் துறை. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்றால் சுற்றுச்சூழல் துறை. இந்தக் கழிக்கு வெள்ளம் வருவது பள்ளிக்கரணையிலிருந்து. அந்தச் சதுப்புநிலம் வனத் துறையுடையது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் விழுந்து, முட்டுக்காடு வந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர்வதற்குள் ஒரே தண்ணீர் ஏழெட்டு அமைச்சர்களின் எல்லையைக் கடந்துவிடுகிறது.

ஒரு துறை, ஒரு அமைச்சர் என்றால் நிலைமையே வேறு. 2024இல் இதே திருப்போரூர்க் கோயில் உண்டியலில் பக்தர் ஒருவரின் ஐபோன் தவறி விழுந்தது. திருப்பிக் கேட்டபோது, உண்டியலில் விழுந்தது சாமிக்கே என்று நிர்வாகம் சொன்னது. செய்தி நாடெல்லாம் போனது. அறநிலையத் துறை அமைச்சரிடமே கேட்டார்கள், அவரும் விதியைச் சுட்டிக்காட்டிப் பதில் சொன்னார். பதில் பிடித்ததோ இல்லையோ, கேட்க ஒருவர் இருந்தார், சொல்ல ஒருவர் இருந்தார். ஒரு கைப்பேசிக்குக் கிடைத்த இந்த மரியாதை ஒரு உப்பங்கழிக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் வரிசை போடவில்லை

அரசமைப்புச் சட்டத்தில் தேடினால் மாநில அமைச்சர்களுக்கு வரிசை எண் கிடையாது. முதல்வரை ஆளுநர் நியமிக்கிறார். மற்ற அமைச்சர்களை முதல்வரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார். எல்லாரும் கூட்டாகப் பேரவைக்குப் பொறுப்பு. கூறு 164இன் சாரம் இதுதான். யாருக்கு எந்த வேலை என்பதை கூறு 166இன்படி ஆளுநர் பெயரில் வெளியாகும் அலுவல் விதிகள் பிரித்துத் தருகின்றன. பிரிப்பவர் நடைமுறையில் முதல்வர்தான்.

எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. 1997இல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் 93 பேரை அமைச்சர்களாக்கிய கூத்தையெல்லாம் பார்த்த பிறகு, 2003இல் வந்த 91ஆவது திருத்தம், பேரவை உறுப்பினர்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் அமைச்சர்கள் கூடாது என்றது. 234 பேர் கொண்ட நம் பேரவைக்கு அது 35. காமராஜர் 1954இல் எட்டுப் பேருடன் ஆட்சியைத் தொடங்கினார், அண்ணா 1967இல் ஒன்பது பேருடன் தொடங்கினார் என்று இன்றும் மேடையில் பேசுகிறார்கள். அன்றைய அரசு செய்த வேலையும் இன்றைய அரசு செய்யும் வேலையும் ஒன்றல்ல என்பதால் அந்த ஒப்பீட்டில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினோம், பிரிக்கும் முறைக்கு எந்த இலக்கணமும் வகுக்கவில்லை. குறை அங்கேதான்.

டெல்லியில் மூன்று படி உண்டு: கேபினட் அமைச்சர், தனிப் பொறுப்புடன் கூடிய இணை அமைச்சர், இணை அமைச்சர். தமிழ்நாட்டில் அண்மைக்கால அமைச்சரவைகளில் எல்லாரும் ஒரே படி. அதனால்தான் இங்கே வரிசை எண்ணுக்கு இவ்வளவு மவுசு. படி இல்லாத இடத்தில் பட்டியலே படியாகிவிட்டது.

வரிசை எண் எப்போது பேசும்?

அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதல்வரின் நாற்காலி திடீரென்று காலியாகும்போது அது பேசும், கொஞ்ச நேரம்.

1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தபோது, அமைச்சரவையில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வரானார். ஒரே வாரத்தில், பிப்ரவரி 10 அன்று, கருணாநிதி முதல்வரானார். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் நெடுஞ்செழியனே தற்காலிக முதல்வர். இரண்டே வாரத்தில், 1988 ஜனவரி 7 அன்று, ஜானகி முதல்வரானார். இரண்டு கட்சிகளில், இரண்டு தலைவர்களுக்கு அடுத்த இடத்தில் இருந்த ஒரு மனிதரின் கதை இது. இரண்டாம் இடம் இடைவெளியை நிரப்பியது. அதற்கு மேல் அது எதையும் தரவில்லை.

2016இல் நிலைமை இன்னும் சிக்கல். செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரிடம் இருந்த துறைகளை ஓ.பன்னீர்செல்வம் கவனிப்பார், அமைச்சரவைக் கூட்டங்களுக்கும் அவரே தலைமை ஏற்பார் என்று ஆளுநர் மாளிகை அறிவித்தது அக்டோபர் 11இல். இடையில் கிட்டத்தட்ட மூன்று வாரம், காவல் துறை உட்பட முதல்வரின் துறைகளின் கோப்புகளுக்கு யார் பொறுப்பு என்று ஊருக்குத் தெரியவில்லை. 'முதல்வரால் இயலாதபோது இன்னார்' என்று முன்கூட்டியே ஓர் ஆணை இருந்திருந்தால் அந்த மூன்று வாரக் குழப்பமும் வதந்தியும் இருந்திருக்காது.

துணை முதல்வர் பதவி இந்த இடைவெளியை அடைத்துவிடும் என்று நினைக்கலாம். அப்படி ஒரு பதவி அரசமைப்புச் சட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டின் முதல் துணை முதல்வர் 2009இல் வந்த மு.க.ஸ்டாலின், அடுத்து 2017இல் பன்னீர்செல்வம், 2024 செப்டம்பரில் உதயநிதி ஸ்டாலின். இந்தப் பதவியை எதிர்த்து வந்த வழக்கை 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், துணை முதல்வர் என்பவர் மற்ற அமைச்சர்களைப் போன்ற ஓர் அமைச்சர்தான், பெயர் மட்டுமே வேறு என்றது. 2022 டிசம்பரில் அமைச்சரானபோது உதயநிதிக்குப் பட்டியலில் பத்தாவது இடம். துணை முதல்வரான பிறகு முதல்வருக்கும் துரைமுருகனுக்கும் அடுத்து மூன்றாவது இடம். நாளிதழ்கள் இதைப் பக்கம் பக்கமாக எழுதின. பத்து மூன்றானதில் திருப்போரூரில் ஒரு மதகும் திறக்கவில்லை, ஒரு மதகும் மூடவில்லை.

ஆளோடு போகும் துறை

ஊருக்கு வலிப்பது இலாகாவைப் பிரிக்கும் முறை. இங்கே துறைகள் வேலையின் இயல்பைப் பார்த்துச் சேர்க்கப்படுவதில்லை. ஆளைப் பார்த்துச் சேர்க்கப்படுகின்றன.

கிளாம்பாக்கத்தைப் பாருங்கள். பேருந்து முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. அது வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையைச் சேர்ந்தது. 2022 டிசம்பரில் சி.எம்.டி.ஏ.வை மட்டும் வீட்டுவசதி அமைச்சர் முத்துசாமியிடமிருந்து பிரித்து அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபுவிடம் கொடுத்தார்கள். கோயிலுக்கும் நகரத் திட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், அவர் சுறுசுறுப்பானவர் என்பதே பதில். சுறுசுறுப்பானவர்தான், மறுக்கவில்லை. ஆனால், கோட்டையில் செயலர்களின் துறை அப்படியே இருந்தது. ஆகவே ஒரே வீட்டுவசதிச் செயலருக்கு இரண்டு அமைச்சர்கள். அந்தப் பக்கம் சுற்றுலா, பண்பாடு, அறநிலையங்கள் துறைச் செயலருக்கும் சுற்றுலாவுக்கு ஓர் அமைச்சர், அறநிலையத்துக்கு இன்னோர் அமைச்சர்.

2023 டிசம்பர் 30 அன்று முனையம் திறக்கப்பட்டது. கட்டடம் சேகர்பாபு, அரசுப் பேருந்துகள் போக்குவரத்து அமைச்சர் சிவசங்கர், வாசலில் ஆட்டோக்களை ஒழுங்குபடுத்தும் போலீஸ் முதல்வரின் துறை, எதிரே ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையம். பக்கத்தில் அப்போது இன்னும் வராத ரயில் நிலையம் ரயில்வே. ஆம்னி பேருந்துகள் எங்கிருந்து புறப்படலாம் என்பதற்கு நீதிமன்றம் போனார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு, ஊருக்குப் போகப் பேருந்து கிடைக்காத பயணிகள் மறியலில் இறங்கினார்கள். தூக்கத்தில் சிணுங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவரிடம் போய், கட்டடம் வேறு துறை, பேருந்து வேறு துறை என்று விளக்க முடியுமா?

திருப்போரூர் நீர்த்தேக்கத்தில் இதைவிட நுட்பமான ஒரு முடிச்சு விழுந்தது. 2024 செப்டம்பர் மாற்றத்தில் நிதி அமைச்சர் தங்கம் தென்னரசுவிடம் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றத் துறையும் வந்தது. 2025 மார்ச்சில் நீர்த்தேக்கத்தை அறிவித்து, அதற்குப் பணம் ஒதுக்கிய நிதிநிலை அறிக்கையை வாசித்தவர் அவர். அதே திட்டம் கடலோர ஒழுங்குமுறைக்கு உட்பட்டதா, கழியின் சூழலுக்கு என்ன ஆகும் என்று கேட்க வேண்டிய மாநிலத் துறைக்கும் அப்போது அவரே அமைச்சர். அவருடைய நேர்மையைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. எந்த நேர்மையான மனிதரையும் இப்படி ஓர் இக்கட்டில் நிறுத்தக் கூடாது என்பதுதான் பேச்சு. பணம் தருகிறவரும் 'நில்' என்று சொல்ல வேண்டியவரும் ஒருவரே என்றால், யார் யாரிடம் நில் என்பது?

நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. 2021 மே மாதம் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத்தைப் பிரித்துத் தனித் துறையாக்கினார்கள். கட்டடம் கட்டுகிறவர்களின் நிழலில் கிடந்த ஏரி, கால்வாய்களுக்குத் தனிச் செயலரும் தனிப் பொறியாளர் அணியும் கிடைத்தது பெரிய காரியம். டெல்லியில் 2019இல் நீர்வளத்தையும் குடிநீரையும் சேர்த்து ஜல் சக்தி அமைச்சகம் ஆக்கினார்கள். அங்கே சேர்த்தார்கள், இங்கே பிரித்தார்கள். இரண்டுக்கும் வேலையின் இயல்பை ஒட்டிய காரணம் இருந்தது. ஒரு துறையைத் தொடும்போது அப்படிக் காரணம் சொல்ல முடிய வேண்டும்.

எல்லாம் முதல்வரிடம்

துறைகள் இப்படிச் சிதறிக் கிடந்தால் குறை எங்கே போகும்? திங்கள்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் கூட்டம். ஏரிக்கரை உடைந்ததென்று ஒருவர் மனு கொடுப்பார். ஊரக வளர்ச்சிக்கு அனுப்புவார்கள். சில வாரம் கழித்து, இது நீர்வளத் துறையைச் சேர்ந்தது, உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு கடிதம் வரும். நீர்வளத் துறை, கரைமேல் போகும் சாலை ஊராட்சியுடையது என்னும். மனு ஊர் சுற்றுகிறது. கரை அங்கேயே கிடக்கிறது. அந்தக் கடிதங்களைப் பாலித்தீன் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு அலைகிறவர்களை எந்த வட்டாட்சியர் அலுவலக வாசலிலும் பார்க்கலாம்.

இதற்கு ஆட்சிகள் கண்ட மருந்து, எல்லாவற்றையும் முதல்வர் பெயரில் கொண்டுபோவது. 'முதல்வரின் முகவரி' என்று ஒரு துறை, 1100 என்று ஒரு தொலைபேசி எண், 'மக்களுடன் முதல்வர்' முகாம், 2025 ஜூலையில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம். அந்த முகாமில் நகர்ப்புறத்தில் 13 துறைகளும், ஊரகத்தில் 15 துறைகளும் ஒரே பந்தலில் உட்கார்ந்தன. மக்கள் வரிசையில் நின்றார்கள், பலருக்குப் பயனும் கிடைத்தது. ஆனால், துறைகள் ஒன்றாக உட்காருவதற்கே ஒரு பந்தல் போட வேண்டியிருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பட்டா மாற்றமும் சாதிச் சான்றிதழும் பந்தலில் தீரும். உப்பங்கழி தீராது.

மாவட்டப் பொறுப்பு அமைச்சர் என்று ஒருவர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். 2021இல் அமைந்த ஆட்சியில் செங்கல்பட்டுக்கு அந்தப் பொறுப்பு குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறை அமைச்சர் தா.மோ.அன்பரசனிடம் இருந்தது. நலத்திட்ட விழாவுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அது உதவும். ஆனால், பொறுப்பு அமைச்சர் இன்னொரு துறையின் கோப்பில் கையெழுத்துப் போட முடியாது. மாவட்டத்தைப் பற்றிப் பேரவையில் அவரிடம் கேள்வி கேட்கவும் வழி இல்லை. பொறுப்பு என்று பெயர், அதிகாரம் வேறிடத்தில்.

கூட்டுப் பொறுப்பு என்று அரசமைப்புச் சட்டம் சொன்னதே, அதன் பொருள், ஓர் அமைச்சரும் 'அது என் துறை இல்லை' என்று மக்களிடம் சொல்லக் கூடாது என்பதுதான். நடைமுறையில் அமைச்சர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் செய்யக்கூடியவற்றையே சொல்கிறேன். இவற்றில் எதற்கும் அரசமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றுக்கு ஓர் அரசாணை போதும்.

முதலில், அலுவல் ஒதுக்கீடு ஊராருக்குப் புரியும் தமிழில் வெளியாக வேண்டும். இலாகா மாற்றம் என்றால் இன்று நமக்குக் கிடைப்பது நாலு வரிச் செய்திக் குறிப்பு. அது போதாது. ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகச் சுவரிலும், அந்த வட்டத்தின் ஏரி, குளம், கால்வாய், கழி ஒவ்வொன்றுக்கும் எந்தத் துறை, எந்த அதிகாரி, எந்த அமைச்சர் என்று ஒரு பலகை எழுதிவைக்க என்ன செலவாகிவிடும்? எழுத உட்கார்ந்தால்தான் எத்தனை நீர்நிலைகளுக்கு இரண்டு பெயர் வருகிறது, எத்தனைக்குப் பெயரே வரவில்லை என்பது அரசுக்கும் தெரியும். ஆயக்கட்டு போய் மனையாகிவிட்ட ஏரிகளை அளவு பார்க்காமல் நீர்வளத் துறையிடமே ஒப்படைப்பது பற்றியும் அப்போது முடிவெடுக்கலாம்.

ஒரு நிறுவனத்தை ஓர் அமைச்சரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கும்போது, ஏன் என்று ஒரு பக்கக் குறிப்பைப் பேரவையில் வைக்கும் வழக்கம் வர வேண்டும். முதல்வரின் உரிமையில் இது தலையிடுவது ஆகாது. காரணம் சொல்ல வேண்டியிருந்தால், அறநிலையத்தோடு நகரத் திட்டத்தைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார்கள், அவ்வளவே.

சுற்றுச்சூழல் துறையை நிதி, நீர்வளம், நெடுஞ்சாலை, தொழில் ஆகிய எதை வைத்திருப்பவரிடமும் தரக் கூடாது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுவே அவசரம். அந்தத் துறைக்கு ஓர் இளைய அமைச்சரை, பட்டியலில் கடைசி இடத்தில் வைத்தாலும் பரவாயில்லை. வேறு எந்தத் திட்டத்திலும் பங்கில்லாதவராக இருக்கட்டும்.

முதல்வர் வெளிநாடு போனாலோ உடல்நலம் குன்றினாலோ யார் அமைச்சரவைக் கூட்டத்தை நடத்துவார், யார் கோப்பு பார்ப்பார் என்பதை, பதவியேற்ற முதல் மாதத்திலேயே ஆணையாக வெளியிட வேண்டும். வரிசை எண்ணுக்கு இருக்கும் ஒரே உருப்படியான பயன் அதுதான். அதையாவது எழுத்தில் வைப்போம்.

பேரவையிலும் வேலை இருக்கிறது. கேரளத்தில் 1980 முதல் பாடவாரியான குழுக்கள் உண்டு. துறைகளின் மானியக் கோரிக்கைகளைக் கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் உட்கார்ந்து அலசுகிறார்கள். நம் பேரவையில் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது, உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஒரு துறையின் திட்டத்தைத் தொடங்கும் முன்பே கேள்வி கேட்கும் குழு இல்லை. நீருக்கென்று ஒரு குழு அமைத்தால், நீர்வளம், குடிநீர், ஊரக வளர்ச்சி, மீன்வளம் ஆகிய நான்கு செயலர்களையும் ஒரே நாளில் அழைத்துக் கேட்கலாம்.

கடைசியாக, திருப்போரூர் நீர்த்தேக்கத்துக்கு உடனடியாக ஓர் அமைச்சரவைத் துணைக் குழு. நீர்வளம், மீன்வளம், சுற்றுச்சூழல், குடிநீர், ஊரக வளர்ச்சி, வருவாய், சுற்றுலா ஆகியவற்றின் அமைச்சர்கள் உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர் பெயர் ஒருங்கிணைப்பாளராக அரசாணையிலேயே இருக்க வேண்டும், பேரவையில் இந்தத் திட்டம் பற்றிய எல்லாக் கேள்விக்கும் அவரே எழுந்து பதில் சொல்ல வேண்டும். குழு கோட்டையில் கூடக் கூடாது. நெம்மேலியிலோ கோவளத்திலோ கூட வேண்டும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன். மீனவர் கிராமப் பஞ்சாயத்தார், கழியில் கையால் இறால் பிடிக்கும் பெண்கள், ஊராட்சித் தலைவர்கள், குடிநீர் வாரியப் பொறியாளர்கள் எல்லாரும் ஒரே நாளில் பேசட்டும். முகத்துவாரத்துக்கு எத்தனை மாதம் எவ்வளவு நீர் விடப்படும், பிழைப்பு இழப்பவருக்கு என்ன ஏற்பாடு, தேக்கும் நீரில் திருப்போரூர் வட்டத்து ஊராட்சிகளுக்குப் பங்கு எவ்வளவு ஆகிய மூன்று கேள்விகளுக்கும் எண்களோடு பதில் எழுதி, அந்தக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைப் பதினைந்து நாளுக்குள் தமிழில் வெளியிட வேண்டும். அதுவரை கழியில் மண் கொட்டக் கூடாது.